குத்தகை பேசியவர் பின்வாங்கினால் என்ன செய்வது?

சூலூர் வட்டாரத்தில் ஒரு தோட்டம் குத்தகைக்குக் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பத்திரம் எழுதுபவர் இருக்க மாட்டார். டீக்கடை பெஞ்சிலோ, கிணற்று மேட்டில் வேப்பமரத்து நிழலிலோ பேச்சு நடக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை வருடம், கிணற்றுத் தண்ணீர் எத்தனை மணி நேரம் இறைக்கும், வரப்போரத் தென்னை மகசூல் யாருக்கு, சாளையில் யார் குடியிருப்பது என்றெல்லாம் பேசி முடிப்பார்கள். முன்பணம் கைமாறும். "செரீப்பா, இனி நீ பண்ணையத்தப் பாரு" என்பார் தோட்டத்துக்காரர். அதுதான் ஒப்பந்தம், அதுதான் சாட்சி.

பேச்சு நிற்கும்வரை இதில் குறை ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அவினாசி சாலையை ஒட்டிய நீலாம்பூர், அரசூர், கணியூர்ப் பக்கமெல்லாம் ஏக்கர் விலை சென்ட் விலையாக மாறிய பிறகு, பேச்சு நிற்பது கடினமாகி வருகிறது. சுல்தான்பேட்டை, செஞ்சேரிமலைப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கும் இன்று மனை வாங்க ஆள் வருகிறது. விவசாயம் செய்ய ஆள் இல்லை என்று குத்தகைக்கு விட்டவரே, நல்ல விலை வந்ததும் மனம் மாறுகிறார்.

ஒரு குடியானவரை நினைத்துக் கொள்வோம். மூன்று ஏக்கர் தோட்டம், மூன்று வருடக் குத்தகை. முன்பணம் கொடுத்து, உழுது, எரு அடித்து, ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டுவிட்டார். விதைக் காய் மட்டும் ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ வேண்டும். வெங்காயச் சாகுபடியில் பணத்தை விழுங்குவது அதுதான். நட்டு நாற்பது நாள் ஆகிறது. காய் பிடிக்கிற சமயத்தில் தோட்டத்துக்காரர் வந்து நிற்கிறார்.

"தம்பி, பையன் டவுன்ல எடம் வாங்கறான். தோட்டத்தக் குடுத்தர்றதுன்னு முடிவாயிருச்சு. வெங்காயத்தப் புடுங்கிட்டு விட்ருப்பா. அட்வான்ச வாங்கிக்கோ."

"ஏனுங்ணா, மூணு வருசம்னுதானுங்களே பேசுனோம்? இப்பத்தானுங் எரு அடிச்சிருக்கறன்."

"பேசுனோம், செரி. எழுதியா வெச்சிருக்குது?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்துதான் பலர் மூட்டை கட்டுகிறார்கள். எழுதி வைக்காவிட்டால் உரிமையே இல்லை என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது தவறு. குத்தகை பேச்சளவில் இருக்கும்போது பின்வாங்குவது வேறு, குத்தகையாளர் நிலத்தில் இறங்கிச் சாகுபடி தொடங்கிய பிறகு பின்வாங்குவது வேறு. முன்னது கொடுக்கல் வாங்கல் விவகாரம். பின்னதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, அது எழுத்தைக் கேட்பதில்லை.

1955-ஆம் ஆண்டுச் சட்டம்

காவிரிப் பாசனப் பகுதியில் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் நினைத்தபோது நிலத்தைவிட்டு வெளியேற்றும் போக்கைத் தடுக்க, 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது முதலமைச்சர் இராஜாஜி. பின்பு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955-இல், சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 25-ஆவது சட்டம் என்பார்கள். வக்கீலிடம் போனால் "இருபத்தைந்து ஆஃப் ஐம்பத்தைந்து" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

தஞ்சைக்காக வந்த சட்டம் நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கொங்கு நாட்டில் கேட்பவர் உண்டு. பொருந்தும். நெல் வயலுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கிணற்றுப் பாசனத் தோட்டம் ஆனாலும், பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் பாயும் நிலம் ஆனாலும், மானாவாரிக் காடு ஆனாலும் விவசாய நிலம் விவசாய நிலம்தான்.

இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது என்பதை ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். பிறருடைய நிலத்தில், குத்தகை ஒப்பந்தத்தின்பேரில், தன் சொந்த உடல் உழைப்பையோ தன் குடும்பத்தாரின் உடல் உழைப்பையோ செலுத்திச் சாகுபடி செய்பவரே சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் வெளிப்படையாகச் செய்ததாக இருக்கலாம், அல்லது நடப்பிலிருந்து உணரக்கூடியதாகவும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. வாய்ப்பேச்சும் இதற்குள் அடங்கிவிடும். இன்னொன்று, குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்ந்து இருப்பவரும் சாகுபடிக் குத்தகைதாரர்தான். "வருசம் முடிஞ்சுது, எறங்கு" என்ற பேச்சு இந்தச் சட்டத்தின் முன் எடுபடாது.

அப்படிப்பட்டவரை, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதன் மூலமாகவோ வேறு எந்த வகையிலோ, இந்தச் சட்டம் காட்டும் வழியில் அன்றி வெளியேற்றக்கூடாது என்பது மூன்றாவது பிரிவு. நில உடைமையாளர் ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து, விசாரணை நடந்து, உத்தரவு வந்தால்தான் வெளியேற்ற முடியும். சில மாவட்டங்களில் இதற்கென்றே தனி வருவாய் நீதிமன்றம் இருக்கிறது.

எந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம் என்பதையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. குத்தகைப் பாக்கி வைத்தால், நிலத்துக்கோ பயிருக்கோ கேடு விளைவித்தால் அல்லது சாகுபடியையே அறவே நிறுத்திவிட்டால், நிலத்தை விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தினால், "இது உங்கள் நிலமே இல்லை" என்று வேண்டுமென்றே மறுத்தால், அவ்வளவுதான். நல்ல விலைக்குக் கேட்கிறார்கள் என்பதோ, அடுத்தவர் கூடுதல் குத்தகை தருகிறார் என்பதோ, மகன் வீடு கட்டுகிறான் என்பதோ அந்தப் பட்டியலில் இல்லை.

தோட்டத்தை விற்றுவிட்டால்? வாங்குபவர் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். பழைய உடைமையாளர் எந்த வரம்புக்குள் இருந்தாரோ அதே வரம்புக்குள்தான் புதியவரும் இருப்பார். பத்திரம் புதிதானதால் குத்தகையாளரின் உரிமை பழையதாகிவிடாது.

தானே பயிர் செய்துகொள்ள நிலம் வேண்டும் என்று உடைமையாளர் கேட்பதற்கு மட்டும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்கும் ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்ய வேண்டும், அதிகமாகப் போனால் குத்தகைக்கு விட்டதில் பாதி அளவுதான் கேட்கலாம், வேறு வரம்புகளும் உண்டு. இராணுவத்தில் பணிபுரியும் உடைமையாளருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. விமானப்படைத் தளம் உள்ள நம் ஊரில் இதைச் சொல்லி வைப்பது நல்லது. ஆனால் அவரும் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், டிராக்டரை விட்டு உழுது அல்ல.

இரண்டு மாதம்: இதுதான் முக்கியம்

சட்டம் தெரியாததால் இழந்தவர்களைவிட, நாள் தவறியதால் இழந்தவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். உத்தரவு எதுவும் இல்லாமல் வெளியேற்றப்பட்ட சாகுபடிக் குத்தகைதாரர், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்து, நிலத்தைத் திரும்பத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்கலாம். நான்காவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு இது. ஆடிப் பெருக்கன்று, ஆகஸ்ட் 3-ஆம் தேதி, கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றால் அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் மனு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்? முதல் பதினைந்து நாள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுகிறோம். நல்லதுதான். பிறகு போலீஸ் ஸ்டேஷன். "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்து மனு நாளில் வரிசையில் நின்று ஒரு மனு. அது தாசில்தாருக்குப் போகும், கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை கேட்பார்கள், பதில் வர மாதம் ஆகும். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் செய்யும் மனு ஆகாது. அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்று தனியாக எழுதிய மனுவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, தேதியுடன் ரசீது வாங்கிய பிறகு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

மனுவில் சர்வே எண், பரப்பளவு, எந்த ஆண்டு முதல் சாகுபடி செய்கிறீர்கள், குத்தகை எவ்வளவு, கடைசியாக எப்போது கட்டினீர்கள், எந்தத் தேதியில் யார் எப்படி வெளியேற்றினார்கள், நிலத்தில் அன்று என்ன பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கதை வேண்டாம், தேதி வேண்டும்.

பயிர் நிற்கும்போதே கைகலப்பு வரும் நிலை இருந்தால், அமைதி கெடும் என்ற காரணத்தின்பேரில் நிர்வாக நடுவர், நிலம் உண்மையில் யார் கைவசம் இருக்கிறது என்பதை மட்டும் விசாரித்து உத்தரவிட முடியும். குற்ற நடைமுறைச் சட்டத்தில் 145-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 164-ஆவது பிரிவு. இங்கும் இரண்டு மாதக் கணக்கு உண்டு. போலீஸ் அறிக்கைக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, நிலம் அவர் கைவசம் இருப்பதாகவே நடுவர் கருதலாம். இது தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் நாற்பது நாள் வெங்காயம் எழுபது நாள் வெங்காயமாக ஆவதற்கு இந்தத் தற்காலிகம் போதும்.

1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. முறையான சட்ட நடவடிக்கை இன்றித் தன் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்ட எவரும், ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிலத்தின் கைவசத்தைத் திரும்பக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் ஆறாவது பிரிவு அது. நிலம் யாருடையது என்ற கேள்வியையே அந்த வழக்கில் எடுப்பதில்லை.

உழைத்தவர் என்று எப்படிக் காட்டுவது?

உரிமை இருப்பது ஒன்று, அதை மெய்ப்பிப்பது வேறொன்று. சொந்த உடல் உழைப்பு என்ற சொல்லை நீதிமன்றங்கள் கண்டிப்பாகப் பார்க்கின்றன. டவுனில் கடை வைத்துக்கொண்டு, ஆள் வைத்துப் பண்ணையம் பார்ப்பவர் இந்தச் சட்டத்தின் கீழ் வர மாட்டார். வாங்கிய தோட்டத்தை இன்னொருவருக்கு உள்குத்தகை விட்டவரும் வர மாட்டார், அவர் வெறும் இடைத்தரகர். கூலியாள் வைத்தாலே பாதுகாப்புப் போய்விடும் என்று பொருள் அல்ல. களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆள் வைக்காமல் எந்தத் தோட்டமும் நடக்காது. கூடவே நீங்களும் உங்கள் வீட்டாரும் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் தண்ணீர் கட்டும் உங்கள் மனைவியின் உழைப்பும் சட்டத்தின் கணக்கில் சேரும். ஊர்க்கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தென்னந்தோப்பு எடுத்தவர்கள் இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காய் வெட்டிக்கொள்ள மட்டும் குத்தகை எடுத்தவர், நிலத்தையே குத்தகை எடுத்தவர் ஆவாரா என்ற கேள்வி எழும். தோப்புக்குள் ஊடுபயிர் வைத்து, தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து வந்தவர், அதையெல்லாம் பேச்சின்போதே எழுத்தில் கொண்டுவருவது நல்லது.

சான்று என்றதும் எல்லோரும் பத்திரத்தைத்தான் நினைக்கிறார்கள். கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்பதை அதில் எழுத வேண்டும். 1980-இல் பட்டாமணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்படும்வரை இந்தக் கணக்கைக் கர்ணம் எழுதினார், இன்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். நிலத்துக்காரர் பெயரையே சாகுபடியாளர் இடத்திலும் எழுதிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு போகத்திலும் ஒருமுறை போய், உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவும்.

இதைவிட வலுவானது 1969-ஆம் ஆண்டில் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். உங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். அவர் நில உடைமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி, இருவரையும் விசாரித்து, உத்தரவிடுவார். ஒப்பாவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு. பதிவு இல்லாததால் மட்டும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் பதிவு இருந்தால் "இவர் யார் என்றே தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாது.

ஏட்டில் பெயர் ஏறுவதன் வலிமைக்கு வங்காளத்தைப் பார்க்க வேண்டும். 1978-இல் மேற்கு வங்க அரசு 'ஆபரேஷன் பர்கா' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. வாரத்துக்குப் பயிர் செய்பவர்கள் அலுவலகத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், அதிகாரிகளே கிராமத்துக்குப் போய், மாலையில் கூட்டம் போட்டு, வயலில் வைத்துப் பெயர்களைப் பதிந்தார்கள். பதிவான வாரதாரர்கள் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். புதிதாக நிலம் எதுவும் கொடுக்கவில்லை, இருந்த உரிமையை எழுதினார்கள், அவ்வளவே. நம் மாநிலத்தில் சட்டம் அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே இருந்தது. அலுவலர் வயலுக்கு வரவில்லை.

கைப்பட வேறு சான்றுகளும் சேரும். உரக்கடை, விதைக்கடை பில்கள் உங்கள் பெயரில் இருக்கட்டும். உழவர் சந்தை அட்டை, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, டிராக்டர் வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். குத்தகைப் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலோ போன் மூலமாகவோ அனுப்பி, 'தோட்டக் குத்தகை' என்று குறிப்பில் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

குத்தகைப் பணத்தை வாங்க மறுத்தால்

வெளியேற்ற நினைப்பவர் முதலில் செய்யும் காரியம், பணத்தை வாங்காமல் இருப்பது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். பாக்கி சேர்ந்ததும், பாக்கி வைத்தார் என்று மனுப் போடுவார். குத்தகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும் என்பதைச் சட்டம் கண்டிப்பாக வைத்திருக்கிறது. ஆகவே மறுக்கும் உடைமையாளரிடம் கெஞ்சிக்கொண்டு நாளைக் கடத்தக்கூடாது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆர்.டி.ஓ.விடம் அவர் கணக்கில் பணத்தைச் செலுத்திவிடலாம். தானியமாகக் கொடுக்கும் குத்தகை என்றால், செலுத்தும் நாளின் சந்தை மதிப்பில் பணமாகக் கட்டலாம். உண்மையிலேயே முடை வந்து பாக்கி விழுந்துவிட்டால், ஆர்.டி.ஓ. நிலைமையைப் பார்த்து அவகாசம் கொடுக்க முடியும். அந்த அவகாசத்தையும் தவற விட்டால் காப்பாற்ற யாராலும் முடியாது.

குத்தகை மிக அதிகம் என்றால் 1956-ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் இருக்கிறது. முதலில் நன்செய்க்கு மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு, நீர் இறைத்துப் பாயும் நிலத்துக்கு 35, மற்ற நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். பின்பு திருத்தி 25 பங்கு என்று குறைத்தார்கள். நம் பக்கத்தில் பாதி வாரம் இன்றும் நடப்பதை எல்லோரும் அறிவோம். இந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பதா, உறவை வைத்துக்கொள்வதா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலத்தில் இறங்கும் முன்பே பின்வாங்கினால்

முன்பணம் கொடுத்தாயிற்று, இன்னும் ஏர் பூட்டவில்லை, அதற்குள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இங்கே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வராது, நீங்கள் இன்னும் சாகுபடி தொடங்கவில்லை. ஒப்பந்தச் சட்டந்தான் பேசும். முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். பேச்சை நம்பிச் செலவழித்ததற்கும், அதாவது வாங்கிய விதை, கொட்டிய எரு, கொடுத்த உழவு அச்சாரம் முதலியவற்றுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும் என்று கோர்ட் எதிர்பார்க்கும். வாங்கிய விதைக் காயை வீட்டில் அழுக விட்டுவிட்டு முழு விலையும் கேட்க முடியாது.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அதை நிறைவேற்றித் தரக் கேட்டும் வழக்குப் போடலாம். மூன்று ஆண்டு காலவரம்பு. என்னைக் கேட்டால், ஒரு சிறு விவசாயி இந்த வழக்குக்குப் போவதில் பொருள் இல்லை. வழக்கு முடியும்போது பேசிய குத்தகைக் காலமே முடிந்திருக்கும். முன்பணத்தையும் செலவையும் கேட்டு, ஒப்புதல் அட்டையுடன் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, தாலுகா சட்டப் பணிகள் குழு மூலம் சமரசத்துக்கு அழைத்து, பட்டம் தவறும் முன் வேறு நிலம் பார்ப்பதே மேல். லோக் அதாலத்தில் இருவரும் ஒப்பி எழுதிய முடிவு, கோர்ட் தீர்ப்புக்குச் சமம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

தோட்டத்துக்காரரின் பயம்

இதையெல்லாம் படிக்கும் நில உடைமையாளர் ஒருவர், "இதற்குத்தான் நான் காட்டைச் சும்மா போட்டிருக்கிறேன்" என்று சொல்லக்கூடும். அந்தப் பயம் பொய் அல்ல. நம் பக்கத்தில் குத்தகைக்கு விடுபவர் எல்லோரும் ஜமீன்தார் அல்ல. நான்கு ஏக்கர் வைத்துக்கொண்டு, முதுமையால் முடியாமல், மகன் மில்லுக்கோ கம்பெனிக்கோ போய்விட்டதால் விடுபவர்களே அதிகம். எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்து, குத்தகையாளருக்கே நில உரிமை கிடைக்கச் செய்தார்கள். அந்தச் செய்தி கணவாய் வழியாக இங்கே வந்து இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டம் அப்படி அல்ல. இங்கே பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குத்தகையாளர் நிலத்துக்கு உடைமையாளர் ஆகிவிட மாட்டார். பட்டா மாறாது. குத்தகை கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் எழுதினால் நிலம் போய்விடும் என்று பயந்து எழுதாமல் விடுவதால் உடைமையாளருக்கு என்ன இலாபம்? எழுதாவிட்டாலும் சட்டம் குத்தகையாளரைக் காக்கிறது. எவ்வளவு குத்தகை, எந்த நாளில் கட்ட வேண்டும், தென்னை யாருக்கு என்பதற்குத்தான் சான்று இல்லாமல் போகிறது. பயத்தினால் வருடா வருடம் ஆளை மாற்றுகிறார்கள். ஒரு வருடத்துக்கு வருபவர் எரு அடிப்பாரா, வரப்புக் கட்டுவாரா? கெடுவது நிலந்தான். 2016-இல் நிதி ஆயோக் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியதும் இந்தச் சிக்கலை மனதில் வைத்துத்தான். காலம் முடிந்ததும் நிலம் உடைமையாளருக்குத் திரும்பும், அதுவரை குத்தகையாளரை அசைக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

எழுதுவது எப்படி?

குத்தகைச் சீட்டை மூன்று பிரதியாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, மூன்றாவதைத் தாலுகா அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விதி இருக்கிறது. அப்படிச் சேர்த்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். பதியாத சீட்டைக் கொண்டு, அதில் எழுதியுள்ள மூன்று வருடத்தை நிலைநாட்டுவது கடினம். ஆனாலும் நீங்கள் எந்த முறையில் நிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்ட அது பயன்படும்.

முன்பணம் கொடுக்கும் முன் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். அண்ணன் தம்பி மூவர் பெயரில் கூட்டுப் பட்டா இருக்க, மூத்தவர் ஒருவரிடம் பேசிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு இளையவர் வந்து வரப்பில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. மூவரும் கையெழுத்திடட்டும். மோட்டாருக்கான மின் இணைப்பு உடைமையாளர் பெயரில்தான் இருக்கும். ஆகவே தண்ணீர் எத்தனை மணி நேரம், மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். கிணற்றுத் தோட்டத்தில் தண்ணீரை நிறுத்துவதும் ஆளை வெளியேற்றுவதும் ஒன்றேதான்.

போக்கியம் என்று பணம் கொடுப்பவர்கள், அது குத்தகை அல்ல, அடமானம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு சாட்சியோடு பதிவு செய்யாத போக்கியம் அடமானமாக நிற்காது. கோயில் நிலத்துக்கும் பொது அறக்கட்டளை நிலத்துக்கும் 1961-ஆம் ஆண்டில் வந்த தனிச் சட்டம் உண்டு, அங்கே விசாரிக்கும் அதிகாரியும் வேறு. வீடு, கடை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். பதினோரு மாத ஒப்பந்தம் என்று டவுனில் கேள்விப்பட்டதை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்திப் பேச வேண்டாம்.

வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முன்பணம் வாங்கும் நாளில் "ஒரு பாதுகாப்புக்காக" என்று வாங்கும் அந்தத் தாள்தான், பிறகு "தானாகவே நிலத்தை விட்டுவிட்டேன்" என்ற விடுதலைச் சீட்டாக நிரம்பி வரும். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, தபால் ரசீதை அடங்கல் நகல் உள்ள பையில் போட்டு வையுங்கள்.